மடிவதற்கென்றே ஒரு நடிகை

பேசாப் படத்துக்கு மொழி இல்லை. மொழி இல்லாமையால் எல்லை இல்லை, வேலி இல்லை, வேற்றுமை இல்லை என்று புகழ்ந்துரைப்போர் உண்டு. விழியின் துடிப்பும் விரலின் நடுக்கமும் பேசுகிற பேச்சு எழுத்தறியாத உழைப்பாளிக்கும் விளங்கும். கடல் கடந்த நாட்டில் வாழ்வோனுக்கும் விளங்கும். கலையுலகில் இதனினும் பெரிய பொதுவுடைமை வேறேது என்று அவர்கள் கேட்பர்.

கேட்கட்டும், மறுக்கப் போவதில்லை. ஆனால், வாய் திறவாத அந்தப் படங்களுக்குள்ளும் ஒரு குரல் ஓயாது ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. "நீ யாருக்குப் பிறந்தாய்? உன் தோலின் நிறம் என்ன? உன் கண்ணின் வடிவம் என்ன?" என்று கேட்ட குரல் அது. ஆற்றல் உண்டா என்று கேட்பதற்கு முன் அதைக் கேட்டது. அழகு உண்டா என்று பார்ப்பதற்கு முன் அதைப் பார்த்தது. அந்தக் குரலுக்கு விடை சொல்லியே தம் கலைவாழ்வைக் கழித்த ஒரு நடிகையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம்.

அன்னா மே வோங் என்பது அவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட திரைப்பெயர். பெற்றோர் இட்ட பெயர் வோங் லியூ சொங். உறைபனி போர்த்த வில்லோ மரம் என்று பொருள் தரும் பெயர். 1905-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 3-ஆம் நாள் அமெரிக்க நாட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்தார். தந்தை சலவைக்கூடம் நடத்தியவர். அந்தத் தந்தையும் கலிபோர்னியா மண்ணிலேயே பிறந்தவர். தாம் பிறந்த மண் அமெரிக்கா, தந்தை பிறந்த மண் அமெரிக்கா, படித்த மொழி ஆங்கிலம்! சீன நாட்டை அவர் கண்ணால் கண்டதே 31-ஆம் வயதில்தான். என்றாலும் ஊரார் கண்ணுக்கு அவர் அயல்நாட்டார். நேற்றுக் கப்பலில் வந்திறங்கிய ஐரோப்பியன் பத்தாண்டில் அமெரிக்கனாகிவிடுவான். இரண்டு தலைமுறையாக அம்மண்ணிலேயே பிறந்து, வந்தோர்க்கெல்லாம் ஆடை வெளுத்துக் கொடுத்த குடும்பம் மட்டும் என்றென்றும் சீனக் குடும்பம்! சீனத் தொழிலாளர் உள்ளே நுழையக் கூடாது என்று 1882-இல் அமெரிக்கப் பேரவை ஒரு சட்டமே செய்திருந்தது. அதை விலக்கிக்கொள்ள 1943 வரை ஆயிற்று. விலக்கியபோதும் ஆண்டுக்கு 105 பேருக்குத்தான் கதவு திறந்தது.

சிறுமி வோங் முதலில் பொதுப்பள்ளியில் படித்தார். அங்கே மற்றப் பிள்ளைகள் அவரையும் அவர் தமக்கையையும் கேலிசெய்தனர், பின்னலைப் பிடித்திழுத்தனர். பின்னால் அமர்ந்திருந்த ஒரு பையன் ஊசியால் குத்துவானாம். சீனருக்கும் மற்றவரைப்போல் வலிக்குமா என்று அறிந்துகொள்ள அவனுக்கு ஆசையாம்! பிற்காலத்தில் வோங் அம்மையாரே சொன்ன செய்தி இது. ஆசிரியத் தொழில் செய்யும் நம்மை இந்த இடம் நெடுநேரம் நிறுத்திவைத்தது. அந்த வகுப்பில் ஓர் ஆசிரியர் இருந்திருப்பார் அல்லவா? கரும்பலகையில் எழுதியிருப்பார், வருகைப் பதிவேட்டைத் திறந்திருப்பார், மூடியிருப்பார். பின்னிருக்கையில் நடந்ததை அவர் கண்டாரோ, கண்டும் காணாதவர்போல் இருந்தாரோ! ஊசி குத்திய பையனைவிட அந்த ஆசிரியரைப் பற்றியே நாம் மிகுதியும் எண்ணினோம். முடிவில் பெற்றோர் பிள்ளைகளை அங்கிருந்து எடுத்து, சீனக் குழந்தைகளுக்கென்று கிறித்தவ சபையார் நடத்திய பள்ளியில் சேர்த்தனர். குத்தியவன் தன் இருக்கையில் இருந்தான். குத்துப்பட்டவர் இடம் மாறினார்.

அக்காலத்தில் படத் தொழில் லாஸ் ஏஞ்சல்சில் வேர்விட்டுக்கொண்டிருந்தது. கீழ்நாட்டுக் காட்சி வேண்டுமென்றால், படப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே நகரின் சீனர் குடியிருப்புக்கு வந்துவிடுவார்கள். பள்ளிக்கு மட்டம்போட்டுவிட்டுத் தெருவோரத்தில் நின்று, நடிகர் அழுவதையும் சிரிப்பதையும் இமைகொட்டாது பார்த்திருப்பார் சிறுமி வோங். 'துருவித் துருவிப் பார்க்கும் சீனக் குழந்தை' என்று படக்காரர்கள் அவருக்குப் பெயரிட்டனர். வீட்டுக்கு வந்து கண்ணாடிமுன் நின்று, கண்டதையெல்லாம் நடித்துப் பார்ப்பார். பதினோரு வயதுக்குள்ளேயே திரைப்பெயரும் ஆயத்தம்!

1919-இல் வாய்ப்பு வந்தது. 'சிவப்பு விளக்கு' என்ற படத்துக்குச் சீனப் பெண்கள் 300 பேர் வேண்டியிருந்தது. விளக்கேந்தி நிற்கும் கூட்டத்தில் ஒருத்தியாக நின்றார், பதினான்கு வயது வோங். அந்தக் கூட்டத்தில் அவர் முகத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது அரிது. படத்தின் தலைவியோ சீனத் தாய்க்குப் பிறந்த பெண். அவ்வேடத்தைப் புனைந்தவர் உருசிய நாட்டிலிருந்து வந்த புகழ்பெற்ற நடிகை அல்லா நசிமோவா! சீனப் பெண்கள் 300 பேர் பின்னால் விளக்கேந்த, முன்னால் வெள்ளைப் பெண் சீனத்தியாக நடிக்கிறார். பின்னால் வரப்போவது அனைத்துக்கும் அந்த ஒரு காட்சியே முன்னுரை என்று சொல்லலாம்.

1921-இல் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு முழுநேர நடிகையானார். மறு ஆண்டே, பதினேழாம் வயதில், தலைவி வேடம் கிட்டியது. 'தி டோல் ஆஃப் தி சீ', அதாவது கடல் கொண்ட விலை என்ற அந்தப் படம், டெக்னிக்கலர் நிறுவனத்தாரின் இருவண்ண முறையில் எடுக்கப்பட்டது. சிவப்பும் பச்சையும் கலந்த அந்தக் கலவையில் வோங் அணிந்த பட்டாடை இன்றும் ஒளிர்கிறது. கதை பழங்கதைதான்; ஜப்பானியப் பெண்ணொருத்தி அமெரிக்கக் கப்பற்படை அதிகாரியை நம்பிக் கெட்ட கதையைச் சீனக் கடற்கரைக்கு மாற்றியிருந்தார்கள். கரையொதுங்கிய அமெரிக்கன் ஒருவனைத் தாமரைப்பூ என்னும் பெண் காப்பாற்றுகிறாள், மணக்கிறாள். அவன் நாடு திரும்புகிறான். ஆண்டுகள் சென்றபின் வெள்ளை மனைவியோடு வருகிறான். அவளோ தன் மகனை, 'நான் உன் செவிலிதான். இவளே உன் தாய்' என்று சொல்லி அந்த மனைவியிடம் ஒப்படைத்துவிட்டுக் கடலுக்குள் நடந்துவிடுகிறாள்.

கதை இப்படி; நடிப்போ வேறு! கண்ணைக் கசக்கி, மார்பில் அறைந்து, மண்ணில் புரண்டு அழுவதே நடிப்பு என்று எண்ணிய காலம் அது. பதினேழு வயதுப் பெண், அசையாது நின்று, கண்ணீரை மட்டும் கன்னத்தில் வழியவிட்டு அழுதார். நியூயார்க் டைம்ஸ் இதழ் அந்த நடிப்பைப் பாராட்டியது, இவரைத் திரையில் மேலும் மேலும் காண வேண்டும் என்றது. ஹாலிவுட்டின் செவியில் அது விழவில்லை.

சென்ற ஆண்டு நம் பள்ளி மாணவியர்க்கு இந்தப் படத்தைத் திரையிட்டுக் காட்டினோம். பேச்சில்லாப் படத்தை ஒரு மணி நேரம் பார்ப்பார்களா என்ற ஐயம் நமக்கு இருந்தது, பார்த்தார்கள். முடிந்ததும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "தப்புப் பண்ணினது அந்த ஆளுதானே சார்? அந்த அம்மா ஏன் சாகணும்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குக் கதைக்குள் விடை கிடையாது. சட்டப் புத்தகத்தில் இருந்தது. கலிபோர்னியாவில் வெள்ளையரும் சீனரும் செய்துகொள்ளும் மணம் செல்லாது என்பது அன்றைய சட்டம். 1948-இல்தான் அம்மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தகர்த்தது. மணமே குற்றமாகும் நாட்டில், மணத்தில் முடியும் காதற்படம் எப்படி எடுப்பது? சீனத்தி காதலிக்கலாம், காத்திருக்கலாம், கண்ணீர் வடிக்கலாம். வெள்ளைத் தலைவனோடு வாழ்ந்துவிடுதல் மட்டும் கூடாது. ஆகவே கதாசிரியனுக்கு ஒரே வழிதான் இருந்தது. கடலிலோ கத்தியிலோ நஞ்சிலோ அவளை முடித்துவிட வேண்டும்! அரங்கில் இருப்போர் இரண்டு சொட்டுக் கண்ணீர் விடுவர். 'பாவம், நல்லவள்' என்பர். வெள்ளை மணமக்கள் கைகோத்து நிற்க, மனநிறைவோடு வீடு திரும்புவர். கொலைக்கு எவ்வளவு மென்மையான ஏற்பாடு!

அந்தப் படத்தின் கடைசிப் பகுதி பிற்காலத்தில் தொலைந்துபோயிற்று. 1985-இல் அதைச் செப்பனிட்டவர்கள், பழைய இருவண்ணக் கருவி ஒன்றைக்கொண்டு கடலையும் கதிரவன் மறைவையும் புதிதாகப் படமெடுத்துச் சேர்த்தனர். நம் மாணவியர் கண்டதும் அதைத்தான். கடல் இருந்தது, பெண் இல்லை.

1924-இல் 'பாக்தாத் திருடன்' வந்தது. டக்ளஸ் ஃபேர்பாங்ஸ் பத்து இலட்சம் டாலருக்கு மேல் கொட்டி எடுத்த பெரும்படம். அதில் வோங், அரசகுமாரியின் அந்தப்புரத்தில் உளவு பார்க்கும் மங்கோலிய அடிமைப்பெண். சிறு வேடமே, ஆனால் உலகெங்கும் அவர் முகம் பரவியது. அவ்வாண்டே தம் பெயரில் சொந்தப் படநிறுவனம் தொடங்கி, சீனப் பழங்கதைகளைப் படமாக்க முனைந்தார். கூட்டாளியின் நேர்மைக்கேட்டால் அம்முயற்சி முளையிலேயே கருகியது.

அதன்பிறகு என்ன? 1927-இல் 'மிஸ்டர் வூ' படத்தில் சீனப் பிரபுவின் மகளாகப் பிரெஞ்சுப் பெண் ரெனே அடோரே நடித்தார்; வோங் துணைவேடம். 1928-இல் 'கிரிம்சன் சிட்டி' படத்தில் சீன நாயகியாக மோன்டானாவில் பிறந்த மிர்னா லாய். மீண்டும் வோங் துணைவேடம். கண்ணோரத்தை நாடா ஒட்டி இழுத்து, முகத்தில் மஞ்சட்பூச்சு அப்பிச் சீனர் ஆக்குவது அந்தத் தொழிலில் ஒரு கலையாகவே வளர்ந்திருந்தது. உண்மைச் சீனத்தி பக்கத்திலேயே நிற்கிறார். ஆயினும், போலிக்கே பொன்னாடை! முத்தமிட வேண்டிய தலைவன் வெள்ளையன் ஆதலின், முத்தம் பெறுபவளும் பூச்சுக்கு அடியில் வெள்ளையாகவே இருத்தல் வேண்டுமாம். பூச்சு மஞ்சளாக இருக்கலாம், தோல்தான் கூடாது.

வோங் கப்பலேறினார். 1928-இல் ஜெர்மனி சென்று, ரிச்சர்டு ஐஷ்பெர்க் இயக்கத்தில் 'சாங்' என்ற படத்தில் தலைவியாக நடித்தார். பெர்லின் கொண்டாடியது. வால்ட்டர் பெஞ்சமின் என்னும் பேரறிஞர் அவரை நேரில் கண்டு உரையாடிக் கட்டுரை வரைந்தார். ஐரோப்பா அவரை மனிதராக நடத்தியது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். பாதி உண்மை. விருந்துகளில் நடத்தியது, படக்கதையில் இல்லை. 'சாங்' கதையிலும் அவர் இறுதியில் மடியத்தான் செய்தார்.

1929-இல் இங்கிலாந்தில் டூபாண்ட் இயக்கிய 'பிக்காடிலி'தான் அவருடைய பேசாப் படங்களுள் தலைசிறந்தது என்பது நம் கருத்து. இலண்டன் நடன விடுதி ஒன்று. மேலே சரவிளக்கு, இசை, பட்டும் பகட்டும். கீழே நீராவி மண்டிய சமையற்கட்டில் தட்டுக் கழுவும் பெண்கள். அங்கே ஷோஷோ என்னும் சீனப் பெண் வேலையை விட்டுவிட்டு மேசைமேல் ஏறி ஆடுகிறாள். காலுறையில் கிழிசல், முகத்தில் எவரையும் பொருட்படுத்தாத ஓர் அமைதி. கைகளும் இடுப்பும் மெல்ல மெல்ல அசைய, சுற்றி நிற்போர் கழுவுவதை மறந்து நிற்கின்றனர். விடுதி முதலாளி வந்து பார்க்கிறான். முதலில் வேலையிலிருந்து நீக்குகிறான்; பின்பு அவளையே மேல்தளத்து மேடையில் ஏற்றுகிறான். இந்தக் காட்சியை நாம் பலமுறை திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டோம். உழைப்பவள் உடலில் இருக்கும் பெருமிதத்தை இவ்வளவு எளிமையாகக் காட்டிய படம் வேறொன்று நாம் கண்டதில்லை.

அதே படத்தில் இன்னொரு காட்சி. ஏழையர் கூடும் மதுக்கடையில் ஒரு வெள்ளைப் பெண் கறுப்பர் ஒருவரோடு ஆடுகிறாள். கடைக்காரன் சீறுகிறான், ஆட்டம் நிற்கிறது, அவர்களை வெளியேற்றுகிறான். ஷோஷோவும் முதலாளியும் மூலையில் அமர்ந்து பார்க்கின்றனர். ஒருவரும் ஒன்றும் பேசுவதில்லை, பேசாப் படமாயிற்றே! ஆனால், தங்களுக்கும் இதுதான் என்று இருவர் முகமும் சொல்லிவிடுகிறது. இத்தனை தெளிவு கண்ட இயக்குநரும் இறுதியில் என்ன செய்தார்? ஷோஷோவைச் சுட்டுக் கொன்றார். தலைவன் அவளை முத்தமிடுவதும் திரையில் காட்டப்படவில்லை.

பின்பு படம் பேசத் தொடங்கிற்று. ஊமைப்படக் காலத்தின் நட்சத்திரங்கள் பலர் குரல் சரியில்லை, உச்சரிப்புச் சரியில்லை என்று உதிர்ந்த காலம் அது. இலண்டன் நாடக மேடையில் வோங் நடித்தபோது அவருடைய அமெரிக்க உச்சரிப்பை விமரிசகர்கள் எள்ளி நகையாடினர். முகம் சீனம் என்று அமெரிக்கா ஒதுக்கிற்று. நாக்கு அமெரிக்கம் என்று இங்கிலாந்து நகைத்தது! அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. காசு கொடுத்து ஆசிரியர் வைத்து உச்சரிப்பைத் திருத்திக்கொண்டார். 1930-இல் தம் முதல் பேசும் படத்தை ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு என மும்மொழியில் எடுத்தபோது, மூன்றிலும் தாமே பேசி நடித்தார். சலவைக்காரர் மகள், கல்லூரி வாசலை மிதியாதவர்!

இந்தப் புகழோடு தாய்நாடு திரும்பியவருக்கு அந்நாடு என்ன வைத்திருந்தது? 1931-இல் 'டிராகனின் மகள்'. குப்பைப் படம் என்று சொல்லத் தயங்க மாட்டோம். சீன வில்லனாக ஸ்வீடனில் பிறந்த வார்னர் ஓலண்ட், சிறிது நேரமே வந்து 12,000 டாலர் பெற்றார். படம் முழுதும் வந்த வோங் பெற்றது 6,000. மறு ஆண்டு 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' படத்தில் மார்லின் டீட்ரிக்கின் பக்கத்தில் நின்று, சொல் குறைத்து, பார்வையாலேயே படத்தைப் பாதி தமதாக்கிக்கொண்டார். பேசாப் படத்தில் பயின்ற கலை அங்கே கைகொடுத்தது. ஆயினும் அதே ஆண்டில் வேறொரு நிறுவனம், சீனப் பெண் வேடம் ஒன்றுக்கு இவர் 'மிகையான சீனத்தி' என்று தள்ளிவிட்டு, ஹெலன் ஹேய்ஸ் என்ற வெள்ளை நடிகைக்குக் கொடுத்தது. சீனத்தியாக நடிக்கச் சீனத்தி பொருத்தமில்லை! 1933-இல் இங்கிலாந்துத் திரையிதழ் ஒன்றில் வோங் வெளிப்படையாகவே கேட்டுவிட்டார், திரையில் சீனன் ஏன் எப்போதும் கொடியவனாகவே இருக்க வேண்டும் என்று.

உச்சக் கொடுமை இனிமேல்தான். பேர்ல் பக் எழுதிய 'நல்ல நிலம்' சீன உழவர் வாழ்வைச் சொல்லும் நாவல். மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனத்தார் அதைப் படமாக்க முனைந்தபோது, உழவன் மனைவி ஓ-லான் வேடத்துக்கு வோங்கைவிடப் பொருத்தமானவர் யார்? அவ்வேடத்தை அவர் உயிராக விரும்பினார். ஆனால் உழவனாக நடிக்கப் பால் முனியைத் தேர்ந்தனர். அவர் வெள்ளையர். 1934 முதல் கடுமையாக நடப்புக்கு வந்த தணிக்கை நெறி, வேற்றினக் கலப்பைத் திரையில் விலக்கியிருந்தது. ஏட்டில் எழுதியிருந்தது வெள்ளையரையும் கறுப்பரையும் பற்றித்தான். வழக்கத்திலோ சீனரையும் அது விடவில்லை. கதையில் கணவனும் சீனன், மனைவியும் சீனத்தி. அது போதாதாம்! பூச்சுக்கு உள்ளே இருக்கும் தோலும் ஒன்றாக இருக்க வேண்டுமாம். ஓ-லான் வேடம் ஜெர்மனியில் பிறந்த லூயி ரெய்னருக்குப் போயிற்று. அவருக்கு ஆஸ்கர் பரிசும் கிடைத்தது. ரெய்னர் நல்ல நடிகை. அவர்மேல் நமக்குச் சினமில்லை. வோங்கிடமோ, குடும்பத்தைக் கெடுக்க வரும் இரண்டாம் மனைவி வேடத்தை நீட்டினார்கள். ஏற்க மறுத்துவிட்டார்.

1936-இல் அவர் சீனம் சென்றார். தந்தையார் அதற்கு முன்பே தம் முன்னோர் ஊருக்குத் திரும்பியிருந்தார். முன்னோர் நாட்டில் மாலையும் கிடைத்தது, வசையும் கிடைத்தது. வரவேற்புக் கூட்டத்திலேயே, நம் இனத்தை இழிவுபடுத்தும் வேடங்களை ஏன் ஏற்றாய் என்று மணிக்கணக்கில் கடிந்தனர். தொழிலில் காலூன்ற முயல்கிறவர் வேடத்தைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இல்லை என்று அவர் விடையிறுத்தார். அந்த விடை நமக்குப் போதும் என்றே தோன்றுகிறது. வேடத்தை எழுதியவனையும் கொடுத்தவனையும் விட்டுவிட்டு, பசித்து வந்து பெற்றவரைக் கூண்டில் ஏற்றுவது எந்த நாட்டிலும் எளிய வேலை.

திரும்பி வந்தபின் 1937-இல் 'ஷாங்காயின் மகள்' என்ற சிறுபடம் அமைந்தது. துணிவுள்ள, நேர்மையான, மடியாத தலைவி, எதிரே கொரிய வழித்தோன்றலான பிலிப் ஆன் தலைவன், முடிவில் மணம்! 'பாக்தாத் திருட'னைப்போல் இலட்சங்களைக் கொட்டவில்லை. எவரும் பெரிதாகக் கொண்டாடவும் இல்லை. 2006-இல்தான் அமெரிக்க நாட்டுத் திரைப்படப் பதிவேட்டில் அது இடம்பெற்றது. போர்க்காலத்தில் இரண்டு சிறுபடங்களில் நடித்து, அந்த ஊதியத்தைச் சீனத் துயர்துடைப்பு நிதிக்குக் கொடுத்தார். 1951-இல் ஒரு தொலைக்காட்சித் தொடரில் தலைமை வேடம் ஏற்றார். ஆசிய வழித்தோன்றல் ஒருவரைத் தலைமையாகக் கொண்ட முதல் அமெரிக்கத் தொடர் அது. அதன் ஒரு படி கூட இன்று எஞ்சவில்லை.

1961-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 3-ஆம் நாள், 56-ஆம் வயதில், உறக்கத்தில் மாரடைப்பால் மறைந்தார். 2022-இல் அமெரிக்க அரசு 25 சென்ட் நாணயத்தில் அவர் முகத்தைப் பொறித்தது. அந்நாட்டு நாணயத்தில் இடம்பெற்ற முதல் ஆசிய அமெரிக்கர் அவரே.

ஆயிரம் முறை செத்தவள் என்று தம் கல்லறையில் பொறிக்கலாம் என அவர் வேடிக்கையாகச் சொன்னதுண்டு. பொறிக்கவில்லை. லாஸ் ஏஞ்சல்சின் ரோஸ்டேல் கல்லறைத் தோட்டத்தில், தாயின் கல்லறையிலேயே அவரையும் வைத்தார்கள். கல்லின் மேலே ஆங்கிலத்தில் இருப்பது தாயின் பெயர். பக்கவாட்டில், சீன எழுத்தில், வோங் லியூ சொங்.